மண்கரைக் குட்டையா, ஷீட் விரித்த குட்டையா?

சிறுமலை அடிவாரத்தில் இருக்கும் எங்கள் மாந்தோப்புக்கு மழைநீரைப் பிடித்து வைக்க இரண்டு வழிகள் இருந்தன. சரிவை மறித்து மண்கரை போட்டுத் தேக்கலாம். இல்லையென்றால் குழி வெட்டி 500 மைக்ரான் பிளாஸ்டிக் ஷீட் விரிக்கலாம். நான் போட்டது மண்கரை. அந்தப் பக்கம் சாய்ந்துதான் எழுதுகிறேன்.

ஷீட்டில் ஊறல் இல்லை, அதாவது தண்ணீர் மண்ணுக்குள் கசிந்து போகாது என்பது எல்லோருக்கும் தெரியும். மணற்பாங்கான நிலம் என்றால் யோசிக்கவே வேண்டாம், ஷீட்தான். வெயில் குடிப்பது இரண்டிலும் ஒன்றுதான். 30 மீட்டர் நீள அகலக் குட்டையில் நாளுக்கு 5, 6 மில்லிமீட்டர் வற்றினாலே சுமார் 5,000 லிட்டர் போய்விடும்.

என் முடிவைத் தீர்மானித்தது தூர். சரிவில் வரும் மழைத்தண்ணீர் வண்டலைச் சுமந்துகொண்டுதான் வரும். முன்னால் வண்டல் குழி வெட்டினாலும் கொஞ்சம் உள்ளே வந்தே தீரும். ஷீட்டின் மேல் ஜேசிபியை இறக்க முடியாது, பக்கெட்டின் பல் பட்டால் கிழிந்துவிடும். ஆள் விட்டுக் கூடையில்தான் அள்ள வேண்டும், இன்றைய கூலியில்! மண்குட்டை என்றால் வற்றிய பிறகு இயந்திரம் இறங்கும். அள்ளிய வண்டல் மாமரத்தின் அடிக்கு உரம். கிழிசலும் அப்படியே. ஷீட்டைச் சூடு வைத்து ஒட்டுகிறவர் டவுனிலிருந்து வர வேண்டும். கரையில் நண்டு வளையோ எலி வளையோ கண்டால் மண்வெட்டி போதும். வாயை மட்டும் அடைக்காமல், வளையை அடிவரை வெட்டித் திறந்து களிமண் போட்டு இடிக்க வேண்டும்.

ஆனால் மண்கரை சோம்பேறிக்கு ஆகாது. ஐப்பசி மழைக்கு முன் கரை முழுக்க நடந்து பார்த்தாக வேண்டும். அறுகம்புல் படர்ந்தால் நல்லது. சீமைக்கருவேலமோ வேம்போ முளைத்தால் கன்றிலேயே பிடுங்குங்கள். பின்னால் மரம் பட்டு வேர் மக்கினால் அந்தப் பொந்து வழியே தண்ணீர் புகும். கரை பெரும்பாலும் உடைவது தண்ணீர் தலைக்கு மேல் வழியும்போதுதான். அதனால் மிஞ்சிய தண்ணீர் வெளியேறும் வழியான கலிங்கைக் கரையில் வைக்காமல், பக்கத்து இறுகிய மேட்டில், கரை உச்சிக்கு 3 அடி தாழ வெட்டினோம். கரைக்குள் குழாயும் பதிக்கவில்லை. குழாயை ஒட்டி ஊறல் பிடிக்கும். தண்ணீர் எடுக்க, கரைக்கு மேலாகக் குழாயை வளைத்துப் போட்டுத் தண்ணீரை இழுக்கும் சைஃபனே போதுமாக இருக்கிறது.

புயல் மழை ஒரே ராத்திரியில் கொட்டி எங்கள் கரை இன்னும் பார்த்ததில்லை. ஷீட்டைப் பற்றிச் சொன்னதும் அக்கம்பக்கத் தோட்டங்களில் பார்த்ததை வைத்துத்தான். கரிசல்காட்டுக்காரர்கள் என் பேச்சை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த மண் கோடையில் வெடிப்பு விடும், கரையும் விதிவிலக்கல்ல.

இவ்வளவும் சொந்தப் பட்டா நிலத்தில் வழிகிற தண்ணீருக்கு மட்டும். ஓடைப் புறம்போக்கை மறித்துக் கரை போட்டால் கீழே கண்மாய்ப் பாசனக்காரர்கள் கேள்வி கேட்பார்கள், வருவாய்த் துறையும் விடாது.