தள்ளுவதா, இழுப்பதா? பெயிண்ட் சுரண்டும் கருவிகள்: ஓர் ஒப்பீடு

ஹார்டுவேர் கடையில் போய் “பெயிண்ட் சுரண்ட ஏதாவது கொடுங்க” என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு நாலு இஞ்சு பட்டி பிளேடுதான் மேசைக்கு வரும். பட்டி பார்க்கவும் அதுதான், சுரண்டவும் அதுதான். நானும் அதைத்தான் வாங்கி வந்தேன். கும்பகோணம் பக்கம் தாத்தா கட்டிய வீடு. வாசலில் தேக்குக் கதவு, அதன்மேல் எத்தனையோ பொங்கலுக்கு அடித்த எனாமல். கூடத்தில் சுண்ணாம்புச் சுவர், அதன்மேல் டிஸ்டெம்பர், அதற்கும் மேல் எமல்ஷன். ஜன்னல் கண்ணாடிகளில் போன தடவை பெயிண்டர் தெளித்துவிட்டுப் போன புள்ளிகள். ஒரே தகடால் மூன்றையும் முடித்துவிடலாம் என்பது என் கணக்கு. சுவர் பாதி வந்தது. கண்ணாடி கொஞ்சம் வந்தது. கதவு வரவே இல்லை. தகடு வழுக்கி மணிக்கட்டைக் கிழித்ததுதான் மிச்சம்.

அப்புறம் ஒவ்வொன்றாக மற்றக் கருவிகளையும் வாங்கியும் கடன் கேட்டும் பார்த்ததில் ஒரு விஷயம் பிடிபட்டது. அகலம், விலை, கைப்பிடி எல்லாம் இரண்டாம்பட்சம். கருவியைத் தள்ளுகிறோமா, இழுக்கிறோமா என்பதுதான் முதல் கேள்வி. தள்ளும் கருவி பெயிண்டுக்கும் பரப்புக்கும் நடுவில் புகுந்து நெம்பும். அதனால் பிடி விட்டுப்போன பெயிண்டுக்குத்தான் அது சரி. இழுக்கும் கருவி பெயிண்டைச் சீவும். கெட்டியாக ஒட்டியிருப்பதையும் விடாது, ஆனால் நாம் அசந்தால் அடியில் இருப்பதையும் சேர்த்துச் சீவிவிடும்.

சுவருக்குப் பட்டி பிளேடு

கடைக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை. சுவருக்கு அவர் கொடுத்தது சரியான கருவிதான், ஆனால் தவறான ரகம். பட்டி பிளேடில் இரண்டு ரகம் உண்டு. வளைவது ஒன்று, விறைப்பாக நிற்பது ஒன்று. பட்டி இழுக்க வளைவது வேண்டும், சுரண்ட விறைப்பானது வேண்டும். அட்டையில் என்ன அச்சடித்திருந்தாலும் சரி, நுனியைக் கடை மேசையில் ஊன்றி அழுத்திப் பாருங்கள். வில் மாதிரி வளைந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இன்னொன்றையும் பார்க்க வேண்டும். தகடு கைப்பிடியின் கடைசி வரை ஓடுகிறதா, அல்லது ஒரு இஞ்சு உள்ளே போய் நின்றுவிடுகிறதா? பின்னதாக இருந்தால் இரண்டாவது நாளே ஆட்டம் காணும். நான் முதலில் வாங்கியது அந்த வகை.

சுவரில் எமல்ஷன் உப்பியிருக்கும் இடங்களில், குறிப்பாக ஓதம் ஏறிய கீழ்ப்பகுதியில், விறைப்பான பிளேடைச் சாய்த்துத் தள்ளினால் பெயிண்ட் அப்பளம் போலப் பெயர்ந்து வரும். மனதுக்கு அவ்வளவு இதமான வேலை வேறில்லை. ஒரு மணி நேரம் போவதே தெரியாது. டிஸ்டெம்பர் அப்படி வராது. அதை ஈரத் துணியாலோ பஞ்சாலோ நனைத்து, பத்து நிமிடம் ஊற விட்டு, பிறகு தள்ள வேண்டும். தயிர்சாதம் மாதிரி குழைந்து வரும். காயவிட்டால் மறுபடி இறுகிவிடும், ஆகவே ஒரு சமயத்தில் இரண்டு கைப் பரப்பு அளவுக்கு மேல் நனைக்க வேண்டாம்.

சுண்ணாம்புக் காரைச் சுவரில் ஒரு ஆபத்து உண்டு. காரை மெதுவானது, பிளேடின் மூலை அதில் எளிதாக இறங்கிவிடும். அப்புறம் அந்தக் கோடுகளை அடைக்கவே ஒரு மூட்டை பட்டி போகும். இதற்கு வழி சுலபம். பிளேடின் இரண்டு மூலைகளையும் அரத்தால் லேசாக உருட்டிவிட வேண்டும். இரண்டு நிமிட வேலை. என் சுவரின் கிழக்குப் பக்கத்தையும் மேற்குப் பக்கத்தையும் பார்த்தாலே, இதை நான் எப்போது தெரிந்துகொண்டேன் என்று கண்டுபிடித்துவிடலாம்.

கெட்டியாக ஒட்டியிருக்கும் எமல்ஷனைப் பட்டி பிளேடால் எடுக்க முயல்வது வீண். அதை எடுக்கவும் வேண்டாம். ஒட்டியிருப்பது ஒட்டியிருக்கட்டும், ஓரங்களை மட்டும் உப்புத்தாளால் தேய்த்துச் சமன் செய்தால் அடுத்த கோட்டுக்கு அது போதும்.

கதவுக்கு மூன்று பேர் போட்டி

கதவு வேறு கதை. எனாமல் மரத்தோடு மரமாக ஒட்டியிருந்தது. ஒரு மூலையில் நகத்தால் பெயர்த்துப் பார்த்தால் மேலே பிரௌன், அடியில் பச்சை, அதற்கும் அடியில் சாம்பல், கடைசியில் ரோஸ் நிற மரப் பிரைமர். இங்கே தள்ளும் கருவிக்கு வேலையே இல்லை. இழுக்கும் கருவிகள் மூன்றைப் பார்த்தேன்.

முதலாவது கார்பைடு ஸ்க்ரேப்பர். நான் வாங்கியது பாகோ நிறுவனத்தின் 665, அதாவது 65 மில்லிமீட்டர் அகலத் தகடு. முன்னால் ஒரு குமிழ் இருக்கும். ஒரு கை குமிழை அழுத்த, மறுகை கைப்பிடியை இழுக்கும். தகட்டின் இரண்டு விளிம்பும் கூர்தான், ஒன்று மழுங்கினால் திருப்பிப் போட்டுக்கொள்ளலாம். டங்ஸ்டன் கார்பைடு எவ்வளவு கடினம் என்றால், மோஸ் அளவுகோலில் வைரம் 10, இது 9-க்குப் பக்கத்தில். அதனால் நாள் முழுக்க எனாமலைச் சீவினாலும் கூர் அவ்வளவு சீக்கிரம் போகாது. முதல் இழுப்பிலேயே பிரௌனும் பச்சையும் சேர்ந்து போயின. இரண்டாவது இழுப்பில் ரோஸ் தெரிந்தது. மூன்றாவதில் தேக்கின் வாசனை வந்தது.

குறையும் அந்தக் கடினத்திலேயே இருக்கிறது. கார்பைடு வளையாது, உடையும். மரத்தில் புதைந்த ஒரு ஆணித் தலையில் மோதி என் தகட்டில் கடுகளவு சில்லு போயிற்று. அன்றிலிருந்து அந்த விளிம்பு இழுத்த இடமெல்லாம் தலைமுடி போல ஒரு கோடு. அரத்தாலோ சாதாரணச் சாணைக்கல்லாலோ அதைச் சரிசெய்ய முடியாது, வைரத் துகள் பதித்த சாணைத் தகடு வேண்டும். விலையும் லேசில்லை. நான் கொடுத்த காசுக்கு ஒரு பெட்டி நிறையப் பட்டி பிளேடு வாங்கியிருக்கலாம்.

இரண்டாவது, எங்கள் தெரு ஆசாரி கொண்டுவந்தது. என் கருவியைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்தார்.

“என்ன தம்பி, இதுக்குப் போய் இவ்வளவு காசா?”

“நல்லா சீவுதே அண்ணே.”

“சீவும். யார் இல்லேன்னா?” என்று சொல்லி, பையிலிருந்து ஒரு உடைந்த பவர் ஹேக்ஸா பிளேடை எடுத்தார். லேத் பட்டறைகளில் இரும்பு அறுக்கும் தடித்த பிளேடு, ஒரு சாண் நீளம் இருக்கும். பல்லையெல்லாம் சாணையில் தேய்த்து நேராக்கி, ஒரு முனையில் சைக்கிள் டியூப் சுற்றியிருந்தார். சாணை தேய்த்த விளிம்பில் விரலை வைத்துப் பார்க்கச் சொன்னார். கண்ணுக்குத் தெரியாத ஒரு பிசிறு விரல் ரேகையைப் பிடித்து இழுத்தது. அந்தப் பிசிறுதான் சீவுகிறது.

கதவில் ஒரே அளவில் இரண்டு பலகைகள் இருந்தன. நான் ஒன்று, அவர் ஒன்று. நான்தான் முதலில் முடித்தேன். அவர் நடுவில் பலமுறை எழுந்து போய் பிளேடைச் சாணையில் காட்டிவிட்டு வந்தார், ஒவ்வொரு தடவையும் அரை நிமிடம். ஆனால் வெளிச்சத்தைச் சாய்த்துப் பார்த்தபோது என் பலகையில் வரி வரியாக அலை. தகட்டின் மூலைகள் போட்ட கோடுகளும் அங்கங்கே. அவருடையதில் மரத்தின் ரேகை மட்டும்தான் தெரிந்தது. கருவி பாதி, கை பாதி என்று அவர் சொல்லவில்லை. என் பலகையைத் தடவிவிட்டு, “உப்புத்தாள் கொஞ்சம் அதிகமா வாங்கிக்கிடுங்க” என்றார், அவ்வளவுதான்.

மூன்றாவது, மரவேலைக்காரர்களின் கார்டு ஸ்க்ரேப்பர். கைப்பிடியே இல்லாத செவ்வகத் தகடு, 0.8 மில்லிமீட்டர் தடிமன் இருக்கும். விளிம்பில் உருக்குக் கம்பியால் அழுத்தித் தேய்த்துப் பிசிறை மடக்கி, இரண்டு கட்டைவிரலாலும் நடுவில் வளைத்துப் பிடித்து ஓட்ட வேண்டும். ஆசாரியின் ஹேக்ஸா பிளேடுக்கு இது படித்த தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். வெறும் மரத்தில் இது இழுக்கும் சீவல் காகிதத்தை விட மெல்லியது, பார்த்துக்கொண்டே இருக்கலாம். பெயிண்டில்? ஐந்து நிமிடத்தில் பிசிறு போய்விட்டது. எனாமல் கூரைத் தின்றுவிடுகிறது. தகடு சூடேறிக் கட்டைவிரல் வேறு பொசுங்கியது. இதற்கு ஒரு பழைய தந்திரம் உண்டு. ஃப்ரிட்ஜில் ஒட்டும் தட்டைக் காந்தத்தைத் தகட்டின் பின்னால் ஒட்டிக்கொண்டால் சூடு விரலுக்கு வராது. ஆனாலும் பெயிண்ட் எடுக்க இது ஆகாது. பெயிண்ட் எல்லாம் போன பிறகு, கார்பைடு விட்டுச் சென்ற அலைகளைச் சமன் செய்ய இதைவிட நல்லது கிடையாது. என் பலகையைக் காப்பாற்றியது இதுதான்.

சுருட்டு வேலை செய்த சட்டங்கள், பூ வேலைப்பாடுகள் எதற்கும் இந்த மூன்றும் உதவாது. இவை சமதளத்துக்கு மட்டும்.

தூளைப் பற்றி ஒரு வார்த்தை

பழைய எனாமலில் ஈயம் இருந்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு. வீட்டுப் பெயிண்டுகளில் ஈயம் 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) அளவைத் தாண்டக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2016-இல் அறிவிக்கப்பட்டு, 2017 நவம்பர் 1 முதல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த பெயிண்ட் என்றால் ஈயம் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வது நல்லது. இந்த இடத்தில் சுரண்டும் கருவிகளுக்கு உப்புத்தாளை விட ஒரு அனுகூலம் உண்டு. உப்புத்தாள் பெயிண்டை மாவாக்கிக் காற்றில் விடும். ஸ்க்ரேப்பர் பெரும்பாலும் செதிலாகக் கீழே போடும். தெளிப்பான் பாட்டிலில் தண்ணீர் எடுத்து நனைத்து நனைத்துச் சுரண்டினால் தூள் இன்னும் குறையும். கீழே தார்ப்பாய், முகத்தில் என்95 மாஸ்க். வேலை முடிந்ததும் துடைப்பத்தால் கூட்டாமல் ஈரத் துணியால் துடைத்தெடுங்கள். சின்னக் குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்தப் பக்கமே வர வேண்டாம். சூடான காற்றை ஊதும் ஹீட் கன் வைத்து இளக்கலாமே என்பார்கள். இளகும், வேலை வேகமாகவும் நடக்கும். ஆனால் 1100 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல், அதாவது சுமார் 590 செல்சியஸுக்கு மேல் சூடாக்கும் ஹீட் கன்னை ஈயப் பெயிண்டில் பயன்படுத்தவே கூடாது என்பது அமெரிக்காவில் விதி. ஈயம் புகையாகும் என்பதுதான் காரணம்.

கண்ணாடியும் தரையும்

இங்கே மறுபடி தள்ளும் கட்சிக்குத்தான் வெற்றி. ஒற்றை முனைச் சவர பிளேடு மாட்டும் சின்ன ஸ்க்ரேப்பர், ஒன்றரை இஞ்சு அகலம், ஸ்டேஷனரிக் கடையில்கூடக் கிடைக்கும். கண்ணாடியைச் சோப்புத் தண்ணீரால் நன்றாக நனைத்து, பிளேடைக் கிட்டத்தட்டப் படுக்க வைத்து, ஒரே திசையில் தள்ள வேண்டும். திரும்பி வரும்போது தூக்கிவிட வேண்டும். இழுத்துக்கொண்டே வந்தால் பிளேடுக்கு அடியில் மாட்டிய மண் துகள் கோடு போட்டுவிடும். பிளேடில் துரு துளி தெரிந்தாலும் தூக்கிப் போடுங்கள், பிளேடு விலை அற்பம், கண்ணாடி விலை அப்படியில்லை. டஃபன் கண்ணாடியில், அதாவது சூடேற்றிக் கடினமாக்கிய கண்ணாடியில் மட்டும் பிளேடே வேண்டாம். உற்பத்தியின்போது அதன் மேல் கண்ணுக்குத் தெரியாத துகள்கள் ஒட்டியிருக்கலாம். பிளேடு அவற்றைப் பெயர்த்து இழுத்துக்கொண்டு போய்க் கீறல் போடும்.

ரெட் ஆக்ஸைடு தரையில் சிந்திய பெயிண்ட் துளிகளுக்கும் இதே பிளேடு, இதே சோப்புத் தண்ணீர். பட்டி பிளேடால் முயன்றேன், தரையின் பளபளப்பில் ஒரு வெள்ளைத் தழும்பு விழுந்தது. அதன்மேல் இப்போது பாய் போட்டிருக்கிறோம்.

வேண்டாதவை

வயர் பிரஷ் துருப்பிடித்த இரும்பு கேட்டுக்குச் சரி. தேக்கில் தேய்த்தால் ரேகையின் மெதுவான பகுதியைத் தோண்டிவிட்டு கடினமான பகுதியை விட்டுவிடும், மரம் சொறிபிடித்த மாதிரி ஆகும். உளி வேண்டவே வேண்டாம், அது புகுவதற்கென்றே செய்தது. உடைந்த கண்ணாடித் துண்டால் சீவுவது ஆசாரிகளின் பழைய வழக்கம், கூர் அபாரம்தான், ஆனால் அதைக் கையில் பிடிக்க ஆசாரியின் கை வேண்டும்.

என்ன வாங்கலாம்?

சுவர் மட்டும்தான் என்றால் விறைப்பான நாலு இஞ்சு பட்டி பிளேடு ஒன்றும் ஒரு அரமும் போதும். கண்ணாடிக்குச் சவர பிளேடு ஸ்க்ரேப்பரைத் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள், இரண்டையும் கலக்க வேண்டாம். ஒரே ஒரு கதவு இருந்தால் கார்பைடு வாங்காதீர்கள், ஆசாரியையே கூப்பிடுங்கள், செலவு ஏறக்குறைய ஒன்றுதான், வேலை சுத்தமாக இருக்கும். எங்கள் வீடு மாதிரி எட்டு ஜன்னலும் ஐந்து கதவும் இருந்தால் கார்பைடு வாங்கலாம். வாங்கியதும் மாற்றுத் தகடு ஒன்றையும் சேர்த்தே வாங்கிவிடுங்கள். சுரண்டத் தொடங்கும் முன் டார்ச்சைச் சாய்த்து அடித்து, ஆணித் தலைகள் எங்கே இருக்கின்றன என்று சாக்பீஸால் குறித்துவிடுங்கள்.