கர்ப்பப்பை முறுக்கிக்கொண்ட சினைக் குதிரை: உருட்டுவதா, விலாவைத் திறப்பதா, அடிவயிற்றைத் திறப்பதா?

எட்டு, ஒன்பது மாதச் சினையில் இருக்கும் குதிரை தீனியைத் தொடாமல் நிற்கிறது. முன்காலால் தரையைக் கீறுகிறது, விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்க்கிறது, படுக்கிறது, எழுகிறது. வலி ஊசி போட்டால் கொஞ்ச நேரம் அமைதி, அப்புறம் மறுபடியும் ஆரம்பம். குடல் வலி என்றுதான் முதலில் எல்லோரும் நினைப்பார்கள். பல நேரம் அது சரியாகவும் இருக்கும். ஆனால் ஏழாம் மாதத்துக்குப் பிறகு, விட்டு விட்டு வந்து மருந்துக்கு முழுசாக அடங்காத வலி என்றால், கர்ப்பப்பை முறுக்கிக்கொண்டதா என்று பார்த்தே ஆக வேண்டும்.

மாடுகளோடு பழகியவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். மாட்டுக்கு இந்தச் சிக்கல் பெரும்பாலும் கன்று ஈனும் நேரத்தில் வரும். கருப்பை வாயும் சேர்ந்து திருகுவதால் பிறப்புறுப்பு வழியாகக் கைவிட்டாலே தெரிந்துவிடும். குதிரைக்கு ஈனும் நாள் வருவதற்கு வெகு முன்பே வரலாம். முறுக்கு பொதுவாகக் கருப்பை வாய்க்கு முன்னால், வயிற்றுக்குள்ளேயே இருக்கும். அதனால் பிறப்புறுப்பு வழியாகப் பார்த்து 'ஒன்றுமில்லை' என்று சொல்லிவிட முடியாது. மலக்குடல் வழியாகக் கைவிட்டு, கர்ப்பப்பையை இரண்டு பக்கமும் தாங்கும் அகன்ற சவ்வுகளைத் தடவிப் பார்க்க வேண்டும். பின்னாலிருந்து பார்க்கும்போது கடிகாரச் சுற்றில் முறுக்கியிருந்தால், இடது சவ்வு கர்ப்பப்பையின் மேலாக விறைத்து வலப்பக்கம் இழுபட்டிருக்கும். வலது சவ்வு அடியில் போய்விடும். எந்தப் பக்கம் முறுக்கு என்பதைச் சந்தேகமில்லாமல் தெரிந்துகொண்ட பிறகுதான் மற்றதெல்லாம்.

சரி, தெரிந்துவிட்டது. இப்போது வழிகள் மூன்று.

உருட்டுவதில் கத்தி இல்லை. குதிரைக்கு முழு மயக்கம் கொடுத்து, முறுக்கு எந்தப் பக்கமோ அந்தப் பக்கமாகப் படுக்கவைப்பார்கள். விலாவில் ஒரு நீளப் பலகையை வைத்து அழுத்தி, உள்ளே குட்டியும் கர்ப்பப்பையும் நகராமல் பிடித்துக்கொண்டு, குதிரையின் உடம்பை முறுக்கின் திசையிலேயே உருட்டுவார்கள். கர்ப்பப்பை நின்ற இடத்தில் நிற்க, உடம்பு சுற்றி வந்து அதோடு சேர்ந்துகொள்ளும். திசை தவறினால் முறுக்கு இன்னும் இறுகும். அறுவை அரங்கு இல்லாத இடத்திலும் செய்யலாம் என்பது இதன் பெரிய பலம். பலவீனம் என்னவென்றால், கர்ப்பப்பையின் நிலையைக் கண்ணால் பார்க்கவும் முடியாது, கையால் தொட்டு எடைபோடவும் முடியாது. இரத்த ஓட்டம் தடைபட்டு வீங்கிய கர்ப்பப்பைச் சுவர் கிழியலாம், நஞ்சுக்கொடி பிரியலாம். குட்டி பெரிதாகிவிட்ட கடைசி வாரங்களில் இந்த ஆபத்து கூடுதல். சினை முற்றாத, வலி ஆரம்பித்து அதிக நேரம் ஆகாத, மருத்துவமனைக்குக் கொண்டுபோக வழியே இல்லாத குதிரைக்கு மட்டுமே இதை நான் ஏற்பேன். ஒன்றிரண்டு முறை உருட்டியும் சரியாகவில்லை என்றால் அத்தோடு நிறுத்திவிட வேண்டும்.

இரண்டாவது, குதிரையை நிற்கவைத்தே விலாவைத் திறப்பது. முழு மயக்கம் தேவையில்லை. அமைதிப்படுத்தும் மருந்தும், விலாவில் மரத்துப்போகும் ஊசியும் போதும். முறுக்கு எந்தப் பக்கமோ பெரும்பாலும் அந்தப் பக்க விலாவில் தோலை வெட்டி, அதற்கு அடியில் உள்ள தசைகளை இழைவாட்டில் பிரித்து உள்ளே போவார்கள். மருத்துவரின் கை தோள்வரை உள்ளே போய்க் கர்ப்பப்பையின் அடியில் நுழையும். விரல் நுனியால் பிடித்து இழுக்கக் கூடாது, வீங்கிய சுவர் ஓட்டை விழுந்துவிடும். உள்ளங்கையையும் முன்கையையும் கொடுத்து மெல்ல ஆட்ட வேண்டும். ஊஞ்சலை ஆட்டிவிடுவது போல, ஒவ்வோர் ஆட்டத்துக்கும் கொஞ்சம் கூடுதல் வீச்சு. சுவர் வழியாகவே குட்டியின் காலைப் பிடித்து அதன் எடையையே நெம்புகோலாகப் பயன்படுத்துவதும் உண்டு. வீச்சு போதுமானதும் கர்ப்பப்பை திரும்பி விழுவது கைக்குத் தெரியும். இழுபட்டிருந்த சவ்வுகள் தளரும். ஒருவர் கைக்கு எட்டாத பெரிய குதிரை என்றால் இரண்டு விலாவையும் திறந்து, இரண்டு பேர் சேர்ந்து செய்வார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த வழி இதுதான். காரணம், சுவர் எவ்வளவு வீங்கியிருக்கிறது, குட்டி அசைகிறதா என்று செய்கிறவரின் கைக்கே தெரிகிறது. அதே சமயம் தாய்க்கும் குட்டிக்கும் முழு மயக்கத்தின் சுமை இல்லை. ஆனால் குதிரை ஒத்துழைக்க வேண்டும். வலி தாங்காமல் விழுந்து புரளும் குதிரையை இப்படித் திறக்கவே முடியாது. திறந்த விலாவோடு அது பாதியில் படுத்துவிட்டால் நிலைமை கைமீறிவிடும். கர்ப்பப்பை கிழிந்திருந்தாலும் இந்தத் துளை வழியாக ஒழுங்காகத் தைப்பது கடினம்.

மூன்றாவது, முழு மயக்கத்தில் மல்லாக்கப் படுக்கவைத்து அடிவயிற்றை நடுவில் திறப்பது. எல்லாம் கண்ணுக்குத் தெரியும். கிழிசல் இருந்தால் தைக்கலாம், குடலும் இடம் மாறியிருந்தால் சேர்த்துச் சரிசெய்யலாம், தேவைப்பட்டால் குட்டியை வெளியே எடுக்கலாம். ஆனால் அதற்கான ஆபத்தும் அதிகம்தான். மல்லாந்து கிடக்கும்போது கனத்த கர்ப்பப்பை பெரிய இரத்தக் குழாய்களை அழுத்தும்; தாயின் இரத்த அழுத்தம் இறங்கும்; குட்டிக்குப் போகும் இரத்தமும் குறையும். மயக்கம் தெளிந்து எழும்போது கால் முறியும் ஆபத்து எந்தக் குதிரைக்கும் உண்டு. அதோடு, குட்டியின் மொத்த எடையும் அந்தப் புதுத் தையலின் மேல்தான் இறங்கும்.

இந்த மூன்றையும் தனித்தனியாக வைத்து 'எது சிறந்தது' என்று கேட்பதில் பயனில்லை. முதலில் சினை எத்தனை நாள் என்று பார்க்க வேண்டும். குதிரையின் சினைக்காலம் சராசரியாக 340 நாள். 320 நாளுக்கு முன் பிறப்பது பொதுவாகக் குறைமாதக் குட்டி. 1985 முதல் 2005 வரை சிகிச்சை பெற்ற 63 குதிரைகளின் பதிவேடுகளை அலசி 2007-ல் வெளியான ஆய்வில், 320 நாளுக்கு முன் முறுக்கிக்கொண்டவற்றில் 97 சதவீதத் தாய்கள் பிழைத்தன, குட்டிகளில் 72 சதவீதம். அதற்குப் பிறகு என்றால் தாய்கள் 65, குட்டிகள் 32 சதவீதம் மட்டுமே. எந்த வழியில் சரிசெய்தாலும் இந்த இடைவெளியை மறக்க முடியாது.

ஆகவே 320 நாளுக்கு முன், குதிரை நின்று பொறுத்துக்கொள்ளும் என்றால், விலா வழிதான் என் தேர்வு. அந்தக் கட்டத்தில் குட்டி உள்ளேயே இருந்து வளர வேண்டும். நாள் நெருங்கிவிட்டது, அல்லது கிழிசலோ குடல் சிக்கலோ இருக்குமென்ற சந்தேகம், அல்லது அடக்க முடியாத வலி என்றால் தயங்காமல் அடிவயிற்றைத் திறக்கச் சொல்வேன். தாயா குட்டியா என்று முடிவெடுக்க வேண்டி வந்தால் எதைக் காப்பாற்றுவது என்பதை உரிமையாளர் மயக்க மருந்து ஏறுவதற்கு முன்பே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். இணை சேர்த்த தேதி எழுதிவைத்த தாளும் குதிரையோடு போக வேண்டும்.

முறுக்கு எடுபட்ட மறுநாளே நிம்மதியாகிவிட முடியாது. குட்டியின் இதயத்துடிப்பை ஸ்கேனில் அடுத்தடுத்துப் பார்க்க வேண்டும். நஞ்சுக்கொடி தடித்திருக்கிறதா, பிரிந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். பல மருத்துவர்கள் சினையைத் தாங்க அல்ட்ரெனோஜெஸ்ட் என்ற ஹார்மோன் மருந்து கொடுப்பார்கள். குட்டி நல்லபடியாக இருந்தால் பெரும்பாலான குதிரைகள் நாள் நிறைந்து இயல்பாகவே ஈனும். அந்த இரவு கட்டாயம் ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும்.