டியூ டிலிஜென்ஸ்: பட்டியல் வரட்டும் என்று இருப்பதா, நாமே தயாராவதா, வெளி ஆளை வைப்பதா?

ஸ்டார்ட்அப்புக்குப் பணம் போடுமுன் முதலீட்டாளர் கம்பெனியை அலசிப் பார்ப்பதுதான் டியூ டிலிஜென்ஸ். டேர்ம் ஷீட்டில் (முதலீட்டு நிபந்தனைகளின் சுருக்கம்) கையெழுத்தானதும் முதலீட்டாளரின் வக்கீலிடமிருந்து ஒரு எக்செல் வந்து சேரும். பங்கு ஒதுக்கீடு, போர்டு தீர்மானம், பி.எஃப்., பழைய ஒப்பந்தம் என்று வரிவரியாகக் கேள்விகள். இதற்குத் தயாராக மூன்று வழிகள் உண்டு. பட்டியல் வந்த பிறகு ஓடலாம். தொடக்கத்திலிருந்தே ஃபோல்டர் போட்டு நாமே பராமரிக்கலாம். ரவுண்டுக்கு (முதலீடு திரட்டும் சுற்று) முன்பே வெளி ஆளுக்குக் காசு கொடுத்து ஒத்திகை பார்க்கலாம்.

முதல் வழியைக் கேலி செய்கிறார்கள், ஆனால் எல்லோருக்கும் அது தப்பில்லை. இரண்டு ஃபவுண்டர், ஊழியர் யாருமில்லை, ஓர் ஏஞ்சலிடம் (சொந்தப் பணத்தைப் போடும் தனி முதலீட்டாளர்) சிறு தொகை என்றால் அலச அங்கே என்ன இருக்கிறது? வி.சி. (வென்ச்சர் கேப்பிட்டல் நிறுவனம்) பணம் என்றால்தான் கதை மாறும். வேறு முதலீட்டாளரிடம் பேசக் கூடாது என்ற நிபந்தனை டேர்ம் ஷீட்டில் இருக்கும். கையிருப்போ மாதாமாதம் கரையும். அந்த நேரத்தில் காணாமல் போன ஒவ்வொரு காகிதமும் எதிர்த்தரப்புக்குப் பேரம் பேசும் துருப்பு.

தாமதத்தில் இரண்டு ரகம். ஆண்டறிக்கை ஃபைலிங் விட்டுப்போனால் படிவத்துக்கு நாளொன்றுக்கு 100 ரூபாய். வெளிநாட்டுப் பணத்துக்குப் பங்கு ஒதுக்கீடு நடந்த 30 நாளுக்குள் போட வேண்டிய எஃப்.சி.-ஜி.பி.ஆர். படிவம் தவறினால் ரிசர்வ் வங்கிக்குத் தாமதக் கட்டணம். வலிக்கும், ஆனால் பணத்தோடு தீரும். இன்னொருவர் கையெழுத்து தேவைப்படுவதுதான் தீராத ரகம். முதல் ஆப்பை எழுதியவர் உங்கள் கல்லூரி நண்பர், ஃப்ரீலான்சர், ஜிபேயில் பணம் வாங்கிக்கொண்டார் என்று வையுங்கள். ஊழியர் வேலை நிமித்தம் எழுதிய சாஃப்ட்வேர் கோடு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், 1957 பதிப்புரிமைச் (காப்பிரைட்) சட்டப்படி கம்பெனிக்கே சொந்தம். ஃப்ரீலான்சர் எழுதியது அப்படித் தானாக வராது. எழுத்தில், கையெழுத்தோடு மாற்றித்தர வேண்டும். அதையும் இரண்டு வரியில் முடித்திருந்தால் போச்சு: காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு, எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். அமெரிக்க வாடிக்கையாளர்களுக்கு விற்கும் கம்பெனிக்கு இது எப்படியிருக்கும்? ஃபண்டிங் செய்தி காதில் விழுந்த பிறகு அந்த நண்பரிடம் கையெழுத்துக் கேட்டுப் பாருங்கள், விலை தெரியும்.

ஆகவே இரண்டாவது வழி, நாமே பராமரிப்பது, கட்டாயம். செலவும் குறைவு. ஆனால் அதற்கு ஒரு குருட்டுப் புள்ளி இருக்கிறது: ஃபைல் செய்த ஆடிட்டரே தன் வேலையைத் தானே சரிபார்ப்பார். பிரைவேட் பிளேஸ்மென்ட்டில் (தேர்ந்தெடுத்த சிலருக்கு மட்டும் பங்கு தருவது) பணம் வந்த 60 நாளுக்குள் பங்கு ஒதுக்க வேண்டும். முடியாவிட்டால் அடுத்த 15 நாளுக்குள் திருப்பித்தர வேண்டும். அதுவும் தவறினால் 12% வட்டி. பணம் தனிக் கணக்கில் இருக்க வேண்டும்; ஒதுக்கீடு முடிந்து அதற்கான பி.ஏ.எஸ்.-3 படிவம் ஃபைல் ஆகும்வரை அதைத் தொடக் கூடாது. நடப்பதோ வேறு. பணம் கரண்ட் அக்கவுண்டில் விழும், ஒன்றாம் தேதி அதிலிருந்தே சம்பளம் போகும், பி.ஏ.எஸ்.-3 அதற்கப்புறம் ஏறும். ஃபோல்டரில் ஷேர் சர்டிஃபிகேட், தீர்மானம், சலான் எல்லாம் ஒழுங்காக இருக்கும். முதலீட்டாளரின் வக்கீல் பேங்க் ஸ்டேட்மென்டையும் பி.ஏ.எஸ்.-3 தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார், அவ்வளவுதான். இந்த விதிகளைச் சொல்லும் கம்பெனிகள் சட்டப் பிரிவு 42-ஐ மீறினால் திரட்டிய தொகை அல்லது 2 கோடி ரூபாய், இரண்டில் குறைந்ததுவரை அபராதம் போகலாம்.

இந்த இடத்தில்தான் வெளி ஆள் காசுக்குத் தகுந்தவர். ஆனால் முழு ஒத்திகையை எல்லோருக்கும் நான் பரிந்துரைக்க மாட்டேன். முதலீட்டாளர் உங்கள் அறிக்கையை நம்பி நிற்க மாட்டார். தன் ஆட்களை வைத்து மறுபடி பார்ப்பார், அந்த பில்லும் பல டேர்ம் ஷீட்டுகளில் கம்பெனி தலையிலேயே விழும். தவிர, தடிமனான அறிக்கையில் பாதி 'மீடியம் ரிஸ்க்' என்றிருக்கும். எதை முதலில் சரிசெய்வது என்று தெரியாது. ஒரு நன்மை உண்டு: ஓட்டை முன்பே தெரிந்தால் டிஸ்க்ளோஷர் லெட்டரில் (தெரிந்த குறைகளை முதலீட்டாளருக்கு எழுதித்தரும் கடிதம்) சொல்லிவிடலாம், பின்னால் ஃபவுண்டர் கைக்காசிலிருந்து இழப்பீடு கேட்கும் வாய்ப்பு குறையும்.

சீட் ரவுண்டு (தொடக்கநிலை முதலீடு) என்றால் என் தேர்வு கலவைதான். ஃபோல்டர் நம்முடையது, பங்கு வரலாற்றைப் பார்க்க மட்டும் நமக்கு ஃபைல் செய்யாத ஒரு கம்பெனி செக்ரட்டரி, கோடு உரிமையைப் பார்க்க ஒரு வக்கீல். அடுத்த கட்டமான சீரீஸ் ஏ, அதிலும் வெளிநாட்டுப் பணம் ஏற்கெனவே வந்திருந்தால், முழு ஒத்திகைக்குச் செலவழிக்கலாம்.

வருமானக் கணக்குக்கு வெளி ஆள் வேண்டாம். டெக்கில் (முதலீட்டாளருக்குக் காட்டும் ஸ்லைடுகள்) போட்ட எண், ஜி.எஸ்.டி. ரிட்டர்ன், வங்கி வரவு மூன்றும் ஒத்துப்போகிறதா என்று உங்கள் அக்கவுண்டன்டே பார்க்கலாம். ஒத்துப்போகாத எண்ணை எந்த ஃபோல்டரும் காப்பாற்றாது. கார் சர்வீஸ் ஸ்டார்ட்அப்பான கோமெக்கானிக் 2023 ஜனவரியில் கணக்குத் தவறுகளை ஒப்புக்கொண்டபோது சுமார் 70% ஊழியர்கள் வேலையிழந்தார்கள்.

ஏஞ்சல் டாக்ஸ் (நியாய மதிப்புக்கு மேல் விலைக்குப் பங்கு விற்றால் அந்த உபரிக்கு இருந்த வரி) 2024 பட்ஜெட்டோடு போய்விட்டதே என்று பழைய வேல்யூவேஷன் ரிப்போர்ட்டைத் தொலைத்துவிட வேண்டாம்; முந்தைய ரவுண்டுகளுக்கு இன்னும் கேட்கிறார்கள். டேட்டா ரூமுக்கு (முதலீட்டாளர் பார்க்க ஆவணங்களை ஏற்றிவைக்கும் இடம்) கூகுள் டிரைவே போதும், சந்தா கட்டி வேறு வாங்கத் தேவையில்லை. சம்பளப் பட்டியலில் மட்டும் பெயர்களை எடுத்துவிட்டு ஏற்றுங்கள்.