டேங்க் நிறைய பெட்ரோல், ஆனாலும் வண்டி கிளம்பவில்லை: ஹைப்ரிட் காரும் அதன் சின்ன பேட்டரியும்

போன வாரம், பெட்ரோல் எஞ்சினும் மின்சார மோட்டாரும் சேர்ந்து இழுக்கிற என் ஹைப்ரிட் காருக்குப் புது பேட்டரி போட்டேன். மோட்டாரை ஓட்டுகிற, எல்லாரும் பயப்படுகிற அந்தப் பெரிய பேட்டரி இல்லை. பெரும்பாலான கார்களில் இருக்கிற மாதிரி ஒரு சின்ன 12 வோல்ட் ஈய பேட்டரிதான். வாங்கி இரண்டு வருஷம்கூட ஆகாத வண்டிக்கு இதை என் கைக்காசில் மாற்ற வேண்டி வந்தது. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. இருந்தாலும் வண்டியைப் பற்றி நியாயமாகவே பேசப் பார்க்கிறேன்.

சிசி எவ்வளவு, ஏர்பேக் எத்தனை என்பதெல்லாம் தேடினால் கிடைக்கும், அதற்குள் போகவில்லை. எந்தக் கம்பெனி வண்டி என்றும் எழுதவில்லை. இந்தக் கோளாறு ஒரு கம்பெனியோடு நிற்கிற விஷயம் இல்லை என்பது ஒரு காரணம்.

வீடு தருமபுரியில், வேலை ஓசூரில். வார நாட்களில் ஓசூரிலேயே அறை எடுத்துத் தங்குகிறேன், போக்குவரத்து பஸ்ஸில். கார் வீட்டு போர்டிகோவில் நிற்கும். மனைவிக்கு ஊருக்குள் ஸ்கூட்டர் போதும். சனி, ஞாயிறு வந்தால் அப்பாவைக் கூட்டிக்கொண்டு சேலம், சொந்தக்காரர் வீடு என்று அரூர், எப்போதாவது கோயம்புத்தூர். எங்கள் மாவட்டத்தில் இப்படி வாரக்கடைசிக்கு மட்டும் வண்டி எடுக்கிற குடும்பங்கள் நிறைய. ஆண்கள் ஓசூரிலோ பெங்களூரிலோ வேலை பார்ப்பார்கள், வண்டி ஊரில் நிற்கும். இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கதை முழுக்க இந்த "நிற்கும்" என்பதில்தான் இருக்கிறது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். ஊருக்குள் இந்த வண்டி ஓடுகிற அமைதிக்கு நான் இன்னும் பழகவில்லை. தருமபுரி பஸ் நிலையத்தைச் சுற்றி நெரிசலில் ஊர்ந்து போகும்போது பாதி நேரம் எஞ்சின் ஓடவே ஓடாது, மோட்டார்தான் இழுக்கும். பெட்ரோல் செலவு என் பழைய பெட்ரோல் காரோடு ஒப்பிட்டால் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி குறைந்திருக்கிறது. அதுவும் நெரிசலில்தான் குறைகிறது, அதுதான் ஆச்சரியம். மற்ற வண்டிகள் பெட்ரோலைக் கொட்டுகிற இடத்தில் இது மிச்சம் பிடிக்கிறது.

அப்புறம் தொப்பூர் கணவாய். சேலம் போகிற பக்கம் அந்த இறக்கத்தில் லாரிகள் பிரேக் சூடாகி என்ன ஆகிறது என்பது எங்கள் ஊர்க்காரர்கள் எல்லாருக்கும் தெரியும். அந்த இறக்கத்தில் இந்த வண்டியில் பிரேக் மிதியை நான் பெரும்பாலும் லேசாகத்தான் தொடுகிறேன். வேகத்தைப் பிடிப்பது மோட்டார். அது ஜெனரேட்டராக மாறிப் பெரிய பேட்டரியை நிரப்பிக்கொண்டே இறங்குகிறது. பேட்டரி நிரம்பிவிட்டால் எஞ்சின் ஒரு உறுமலோடு சுற்ற ஆரம்பிக்கும், புதிதாக வாங்கியவர்கள் அதைக் கேட்டுப் பயந்துபோவார்கள். பயப்பட ஒன்றுமில்லை. மின்சாரத்தைப் போட வேறு இடம் இல்லாததால் எஞ்சினைச் சுற்றவிட்டு வண்டியைப் பிடிக்கிறது, அவ்வளவுதான். அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது அந்த இறக்கத்தில் எனக்கு வருகிற நிம்மதிக்காகவே இந்த வண்டியை எனக்குப் பிடிக்கும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

அப்பாவுக்குச் சேலத்தில் டாக்டரைப் பார்க்க நேரம் வாங்கியிருந்த ஒரு சனிக்கிழமை காலை. ரிமோட்டை அழுத்தினால் கதவு திறக்கவில்லை. ரிமோட்டுக்குள் ஒளிந்திருக்கிற சின்ன சாவியை உருவி டிரைவர் பக்கக் கதவைத் திறந்து, ஸ்டார்ட் பட்டனை அழுத்தினேன். டேஷ்போர்டில் விளக்குகள் மங்கலாகத் துடித்தன, பின் ஏதேதோ எச்சரிக்கைகள் வரிசையாக வந்தன. அதில் ஒன்று ஹைப்ரிட் சிஸ்டத்தைச் சோதிக்கச் சொன்னது. பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "பெரிய பேட்டரி போயிருச்சு போலிருக்கே, லட்சக்கணக்குல ஆகும்னு சொல்றாங்களே" என்றார். அப்பா செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். கடைசியில் வாடகைக் கார் பிடித்துப் போனோம், டாக்டரைப் பார்க்க மதியத்துக்கு மேல் ஆகிவிட்டது.

பெரிய பேட்டரிக்கு எதுவும் ஆகவில்லை. டேங்கில் பெட்ரோலும் இருந்தது. ஆனால் ஹைப்ரிட்டில் பெரிய பேட்டரி, வண்டியை அணைத்து நிறுத்தியிருக்கும்போது ரிலே என்கிற மின் சுவிட்ச் வைத்துத் துண்டிக்கப்பட்டிருக்கும். பாதுகாப்புக்காகத்தான், அதைக் குறை சொல்ல மாட்டேன். அந்த ரிலேயை இயக்கி இணைப்பைக் கொடுப்பதும், கம்ப்யூட்டர்களை எழுப்புவதும் 12 வோல்ட் பேட்டரியின் வேலை. பத்தாயம் நிறைய நெல் இருந்தும் சாவி தொலைந்துபோன வீடு மாதிரி, சின்னது செத்தால் பெரியதில் எவ்வளவு சார்ஜ் இருந்தும் வண்டி எழாது. இதில் பழைய மாதிரி செல்ஃப் மோட்டாரும் இல்லை, எஞ்சினைச் சுற்றிவிடுவதும் பெரிய பேட்டரிதான். தள்ளி ஸ்டார்ட் செய்வது என்ற பேச்சுக்கே இடமில்லை. சின்ன பேட்டரி பலவீனமானால் சம்பந்தமே இல்லாத எச்சரிக்கைகளும் வரும். பக்கத்து வீட்டுக்காரர் மேல் தப்பில்லை, அந்தத் திரையைப் பார்த்தால் யாரும் அப்படித்தான் நினைப்பார்கள். பெரிய பேட்டரிக்கு இங்கே 8 வருஷம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் வாரன்டி கொடுப்பது வழக்கமாகிவிட்டது, அதைப் பற்றி ஷோரூமில் வாய் ஓயாமல் சொன்னார்கள். சின்னதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

இன்னொரு கூத்து. என் வண்டியில் அந்த 12 வோல்ட் பேட்டரி டிக்கிக்குள் இருக்கிறது. டிக்கிப் பூட்டு மின்சாரத்தில் திறப்பது. பேட்டரி செத்தால் பேட்டரி இருக்கிற இடத்தைத் திறக்க முடியாது. இதற்காகவே பானெட்டுக்குக் கீழே ஃபியூஸ் பெட்டியில் ஒரு பாசிட்டிவ் முனை வைத்திருக்கிறார்கள். அடுத்த வண்டியிலிருந்து கரண்ட் வாங்குகிற ஜம்பர் கேபிளில் சிவப்பை அதில் மாட்ட வேண்டும், மறுமுனை உதவிக்கு வந்த வண்டியின் பாசிட்டிவில். கறுப்பை அந்த வண்டியின் நெகட்டிவில் மாட்டி, கடைசியாக நம் எஞ்சின் அறையில் பெயின்ட் இல்லாத ஒரு இரும்பில் கடிக்கவிட வேண்டும். பிரேக்கை மிதித்துப் பட்டனை அழுத்தினால், வண்டி ஓடத் தயார் என்கிற 'ரெடி' விளக்கு எரியும். ஆரஞ்சு நிற ஒயர் எதையும் தொடக்கூடாது, அது உயர் மின்னழுத்தம். அதேபோல் நம் ஹைப்ரிட்டை வைத்து அடுத்தவர் டீசல் வண்டியை எழுப்பப் போகவும் வேண்டாம். டீசலின் செல்ஃப் இழுக்கிற கரண்ட்டுக்கு இந்தச் சின்ன பேட்டரி செய்யப்பட்டதில்லை.

சர்வீஸ் சென்டரில் டெஸ்டரை மாட்டிப் பார்த்து "பேட்டரி குட் சார்" என்றார்கள். சார்ஜ் போட்டுக் கொடுத்தார்கள். அடுத்த வாரங்களில் மறுபடி இறங்கியது. மறுபடி "குட்". கடைசியில் சர்வீஸ் அட்வைசர் சொன்ன பதில்: "வண்டியை டெய்லி ஓட்டுங்க சார், பிரச்சனையே வராது."

இந்தப் பதில்தான் என்னை இதை எழுத வைத்தது. ஐந்து நாள் நிற்பது ஒரு காருக்கு நீண்ட காலமா? சபரிமலைக்கு மாலை போட்டுக் கிளம்பினால், மகள் பிரசவத்துக்கு வெளியூர் போனால், வண்டி ஒரு வாரம் நிற்கத்தான் செய்யும். தினமும் ஓட்டினால்தான் உயிரோடு இருக்கும் என்றால் அதை விற்கும்போது சொல்லட்டும், பணத்தை வாங்கிய பிறகு சொல்லக்கூடாது.

விடை கிடைத்தது தருமபுரியில் சேலம் ரோட்டுப் பக்கம் இருக்கிற ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம். லாரி, டிராக்டர் வேலை பார்க்கிறவர், ஹைப்ரிட் என்றதும் முதலில் தயங்கினார். "பெரிய லைன்ல நான் கை வைக்க மாட்டேங்க. சின்ன பேட்டரின்னா பாத்துரலாம்" என்றார். எந்த எல்லையில் நிற்க வேண்டும் என்று தெரிந்த மனிதர்.

அவர் செய்தது இரண்டு சோதனை. முதலாவது, வண்டியைப் பூட்டி, சாவியைத் தூரத்தில் வைத்து, அரை மணி நேரம் வண்டி முழுசாகத் தூங்கிய பிறகு பேட்டரியிலிருந்து என்ன கசிகிறது என்று மீட்டரில் பார்த்தார். சுமார் 30 மில்லி ஆம்பியர். ரிமோட் சாவிக்குக் காத்திருக்கிற ரிசீவர், அலாரம், மொபைல் ஆப்புக்குச் செய்தி அனுப்புகிற சிம் கருவி எல்லாம் சேர்த்து இந்தக் காலத்து வண்டிக்கு இது நியாயமான அளவுதான். ஆக வண்டியில் கோளாறு இல்லை.

இரண்டாவது சோதனைக்குப் பேட்டரியைக் கழற்றி இரவு முழுக்க சார்ஜ் போட்டு, மறுநாள் பழைய ஹாலஜன் ஹெட்லைட் பல்பு ஒன்றை அதில் மாட்டி எரியவிட்டார். அந்தப் பல்பு ஏறத்தாழ 5 ஆம்பியர் இழுக்கும். 35 ஆம்பியர்-அவர், அதாவது ஒரு ஆம்பியர் வீதம் இழுத்தால் 35 மணி நேரம், என்று மேலே அச்சடித்திருக்கிற பேட்டரி ஐந்தாறு மணி நேரமாவது தாங்க வேண்டும். ஒன்றரை மணி நேரம் ஆவதற்குள் வோல்டேஜ் 11-க்குக் கீழே போய்விட்டது, பேட்டரி காலி என்று அர்த்தம்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். 30 மில்லி ஆம்பியர் என்றால் ஒரு நாளைக்கு 0.72 ஆம்பியர்-அவர், வாரத்துக்கு 5. நல்ல பேட்டரியாக இருந்தால் மூன்று வாரம் நின்றாலும் பாதிதான் இறங்கும், வண்டி கிளம்பிவிடும். என் பேட்டரி மாதிரி 5 ஆம்பியர் ஒன்றரை மணி நேரம்கூடத் தாங்காமல், முழுசாகச் சார்ஜ் போட்டாலே ஏழு ஆம்பியர்-அவர்தான் உள்ளே என்றால், அதுவும் வாரக்கடைசி ஓட்டத்தில் முழுசாக நிரம்பாவிட்டால்? திங்கள் காலை நிறுத்திய வண்டி சனிக்கிழமை எப்படிக் கிளம்பும்? டெஸ்டர் ஏன் "குட்" என்றது என்பதற்கும் அவரே காரணம் சொன்னார். அது பேட்டரி ஒரு நொடியில் எவ்வளவு வேகமாகக் கரண்ட் தள்ளும் என்பதை வைத்துத்தான் முடிவு சொல்கிறது, செல்ஃப் அடிக்கிற வண்டிக்குப் பொருத்தமான சோதனை. ஹைப்ரிட்டில் பேட்டரி செய்ய வேண்டியது மெதுவாக, நீண்ட நேரம் தாங்குவது. அதைச் சோதிக்கப் பல்பும் பொறுமையும் வேண்டும்.

பேட்டரி இப்படி ஆனதற்கு என் ஓட்டம் காரணம் என்று நான் ஏற்கவில்லை. அதன் மேல் இருந்த தயாரிப்புத் தேதி, வண்டி என் கைக்கு வந்த நாளைவிட அரை வருஷத்துக்கும் மேல் முந்தையது. அத்தனை மாதமும் யார்டு வெயிலில் நின்றிருக்கிறது. ஈய பேட்டரி இறங்கிய நிலையிலேயே கிடந்தால் தகடுகளில் ஈய சல்பேட் படிகமாக இறுகிவிடும், பிறகு எவ்வளவு சார்ஜ் போட்டாலும் அந்தப் பகுதி முழுசாகத் திரும்பாது. சூடு அதை இன்னும் வேகப்படுத்தும். 10 டிகிரி கூடினால் ஈய பேட்டரியின் ஆயுள் ஏறத்தாழ பாதியாகும் என்பது அந்தத் துறையில் பழகிய கணக்கு. இதையெல்லாம் எழுதிக் கேட்டேன். "எங்க டெஸ்டர்ல குட் காட்டினா வாரன்டி கிடைக்காது சார்" என்பதோடு முடித்துக்கொண்டார்கள்.

புது பேட்டரி சாதாரணக் கார் பேட்டரியைவிட விலை கூட. பயணிகள் உட்காரும் அறையோடு சேர்ந்த இடத்தில் இருப்பதால், சார்ஜ் ஆகும்போது வருகிற ஹைட்ரஜன் வாயு வெளியே போகக் குழாய் வைத்த மூடிய வகைதான் போட வேண்டும். யாராவது மலிவாக வேறு ஒன்றைப் போட்டுத் தருகிறேன் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். சாவி மாட்டுகிற ஆணியையும் போர்டிகோ சுவரிலிருந்து உள்ளறைக்கு மாற்றிவிட்டேன். சாவி வண்டிக்கு அருகிலேயே இருந்தால் இரண்டும் ஒன்றை ஒன்று தேடி எழுப்பிக்கொண்டே இருக்கும். நிறுத்தி வைத்துப் பாட்டு கேட்பதானால் 'ரெடி' நிலையில் கேளுங்கள். வெறும் ஆன் நிலையில் சின்ன பேட்டரிக்குச் சார்ஜ் ஏறாது, இறங்க மட்டும் செய்யும்.

கம்பெனி நினைத்தால் இதைத் தீர்க்க முடியாதா? முடியும். வெளிநாட்டில் விற்கிற ஹூண்டாய், கியா ஹைப்ரிட்கள் சிலவற்றில், சின்ன பேட்டரி இறங்கினால் அதை மீட்டு எழுப்பவே டேஷ்போர்டில் ஒரு ரீசெட் பட்டன் கொடுத்திருக்கிறார்கள். கேபிளும் வேண்டாம், பக்கத்து வண்டியும் வேண்டாம். எனக்கு விற்ற வண்டியில் இத்தனை லட்சம் வாங்கிக்கொண்டு அந்தப் பட்டனை ஏன் வைக்கவில்லை என்று கேட்க எனக்கு உரிமை இருக்கிறது.

காவேரிப்பட்டணத்தில் இருக்கிற மைத்துனன் இதே மாடலுக்கு விலை குறைத்திருக்கிறார்கள் என்று போன் செய்தான். "மாமா, வாங்கலாமா?" அவன் மாங்கூழ் ஃபேக்டரி வேலைக்குக் கிருஷ்ணகிரி, பர்கூர் என்று தினமும் ஓட்டுகிறவன். கணக்குப்படி அவனுக்கு இதைவிடப் பொருத்தமான வண்டி கிடையாது. அவன் ஓட்டத்துக்கு இந்தப் பிரச்சனை வரவும் வராது. புது பேட்டரி போட்ட பிறகு என் வண்டியும் ஒரு குறையும் இல்லாமல் நிற்கிறது, கிளம்புகிறது. அதை நான் விற்கவும் போவதில்லை.

ஆனாலும் அவனிடம் வேண்டாம் என்றுதான் சொன்னேன். "இப்பத்தானே தொப்பூர் இறக்கத்தைப் பத்தி அவ்வளவு சொன்னீங்க?" என்று கேட்டான். சொன்னேன், அது உண்மை. கோளாறு எந்த வண்டிக்கும் வரும். ஆனால் கோளாறே இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்புகிற இடத்தில் என் வீட்டு ஆட்கள் இன்னொரு முறை பணம் கட்டுவதை என்னால் பார்க்க முடியாது.

மீறி வாங்குவதானால் ஒன்று செய்யச் சொன்னேன். டெலிவரிக்கு முன்னால் டிக்கியைத் திறந்து 12 வோல்ட் பேட்டரியின் தயாரிப்புத் தேதியைப் போட்டோ எடு. மூன்று மாதத்துக்கு மேல் பழசாக இருந்தால் மாற்றிக் கொடுத்த பிறகுதான் மீதிப் பணம் என்று எழுத்தில் வாங்கு. ஷோரூம்காரர் சிரித்தால் வெளியே வந்துவிடு.