கெர்னல் பழக எந்த வழி? 2-ஆம் எண் புராசஸிடம் கேட்டுப் பார்க்கலாம்

ஓடிக்கொண்டிருக்கும் புராசஸ்களை (நிரல்களை) கண்காணித்தபடியே, லினக்ஸின் மையப்பகுதியான கெர்னலில் புரோகிராமிங் பழக நான்கு வழிகள் உண்டு: /புராக் கோப்புகள் (புராசஸ்கள் பற்றி கெர்னல் காட்டும் தகவல்), ஸ்ட்ரேஸ் (ஒரு புராசஸ் கெர்னலிடம் கேட்பதைக் காட்டும் கருவி), சொந்தமாக எழுதும் மாட்யூல் (ஓடும் கெர்னலில் செருகும் நிரல்), இபிபிஎஃப் (சிறு நிரல்களைக் கெர்னலுக்குள் பாதுகாப்பாக ஓடவிடும் வசதி). நான்கையும் ஒரே புராசஸ்மேல் ஏவினால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். நான் எடுத்துக்கொண்டது 2-ஆம் எண்ணில் இருக்கும் கேத்ரெட்-டி. கெர்னலுக்குள்ளேயே ஓடும் கெர்னல் த்ரெட்களில் மற்றவற்றைப் பெற்றுப்போடுவது அதுதான். சாதாரண நிரல்கள் ஓடும் யூசர் பக்கம் அதற்கென்று நினைவகம் கிடையாது. அதனால் அதன் டாஸ்க்_ஸ்ட்ரக்டில் (ஒவ்வொரு புராசஸுக்கும் கெர்னல் வைத்திருக்கும் பதிவு) உள்ள எம்எம் பாயிண்டர், அதாவது நினைவக விவரங்களைச் சுட்டும் முகவரி, நல் (வெறுமை).

ஸ்ட்ரேஸ் வாசலிலேயே நின்றுவிடுகிறது. ரூட்டாக இருந்தாலும் அனுமதி இல்லை என்ற பதில்தான், ஏனென்றால் கெர்னல் த்ரெட்களை ஸ்ட்ரேஸ் நம்பியிருக்கும் பிட்ரேஸ் என்ற வசதியால் பிடிக்க முடியாது. சிஸ்டம் கால் (புராசஸ் கெர்னலிடம் விடுக்கும் வேண்டுகோள்) என்றால் என்ன என்று புரிந்துகொள்ள அருமையான கருவி, ஆனால் அது பார்ப்பது யூசர் பக்கத்துக்கும் கெர்னலுக்கும் நடுவிலுள்ள எல்லைக்கோட்டை மட்டும்.

/புராக் கொஞ்சம் சூசகமாகப் பேசும். சாதாரண புராசஸின் ஸ்டேட்டஸ் கோப்பில் விஎம்சைஸ் (நினைவக அளவு) போன்ற வரிகள் இருக்கும். 2-ஆம் எண்ணின் கோப்பில் அவை அறவே இல்லை. கோப்பின் அளவும் 0 என்றே காட்டும், ஏனென்றால் டிஸ்கில் எதுவும் கிடையாது. நாம் படிக்கும் நொடியில் கெர்னலின் ஒரு ஃபங்ஷன் அதை எழுதித் தருகிறது. கெர்னல் மூலநிரலில் எஃப்எஸ்/புராக்/அரே.சி கோப்பைத் திறந்தால், எம்எம் இருந்தால்தான் அந்த வரிகளை அச்சிடு என்ற நிபந்தனை அங்கே இருக்கும். பலர் இந்தக் கோப்பைப் பார்க்காமலேயே அடுத்த படிக்குத் தாவிவிடுகிறார்கள்.

அப்புறம் மாட்யூல். என் முதல் மாட்யூலில் எல்லா புராசஸ்களையும் சுற்றிவரும் ஃபார்_ஈச்_பிராசஸ் போட்டு, ஒவ்வொன்றின் எம்எம்மிலிருந்தும் டோட்டல்_விஎம்மை (மொத்த நினைவக அளவு) அச்சிடச் சொன்னேன். 1-ஆம் எண் அழகாக வந்தது. அடுத்தது 2. ஊப்ஸ்! (கெர்னல் தன் பிழையை அறிவிக்கும் விதம் இது.) மாட்யூலை ஏற்றும் இன்ஸ்மாட் கட்டளை செத்தது, மாட்யூலைக் கழற்றவும் முடியவில்லை. விர்ச்சுவல் மெஷின் என்பதால் ரீபூட்டோடு தப்பித்தேன். சரி, நல் சோதனை ஒன்றைப் போட்டால் முடிந்தது என்று நினைத்தேன். அதுவும் போதாது. சோதித்த பிறகு, படிப்பதற்குள் அந்த புராசஸ் முடிந்துபோகலாம். அதனால்தான் கெட்_டாஸ்க்_எம்எம் என்று ஒன்று இருக்கிறது: அது எம்எம்மைப் பயன்படுத்துவோர் எண்ணிக்கையை ஒன்று கூட்டிப் பிடித்துவைக்கும், வேலை முடிந்ததும் எம்எம்புட் கொண்டு விடவேண்டும். எம்எம்புட் தூங்கக்கூடியது (காத்திருக்க நேரலாம்), ஆகவே தூங்கக் கூடாத ஆர்சியூ பூட்டுக்குள் (புராசஸ் பட்டியலைப் படிக்கும்போது போடுவது) அதை அழைக்கக் கூடாது. பாயிண்டர், ஆயுள், பூட்டு மூன்றும் ஒரே மாலையில் மண்டையில் ஏறின.

இபிபிஎஃப்? அதே டோட்டல்_விஎம்மை, இபிபிஎஃப் நிரல்களை எளிதாக எழுத உதவும் பிபிஎஃப்ட்ரேஸில் கேட்டால் 0 என்று சொல்லிவிட்டுப் போய்விடும். தவறான முகவரியைப் படித்தாலும் மெஷின் விழாது. ஏற்றுவதற்கு முன்பே கெர்னலில் உள்ள வெரிஃபையர் என்ற சோதனைப் பகுதி நிரலை அலசிவிடும். ஓடும் சர்வரில் பார்க்க இதைவிட நல்லது இல்லை, வேலைக்கு நானும் இதைத்தான் எடுப்பேன். ஆனால் பழகுபவருக்கு அந்த 0 ஒரு விதத்தில் ஏமாற்று வேலை. உள்ளே நல் இருந்தது என்பதே தெரியாமல் போகிறது.

ஆகவே என் வரிசை: ஒரு வாரம் /புராக்கும் அதன் மூலநிரலும், பிறகு நேராக மாட்யூல். மாட்யூல் தரும் எண்களைச் சரிபார்க்க மட்டும் பிபிஎஃப்ட்ரேஸ். ஸ்ட்ரேஸை வேண்டும்போது தொட்டுக்கொள்ளலாம்.