சாய்ந்து நிற்கும் பழைய அம்பாசிடரைப் பட்டறையில் விடுவதற்கு முன்: ஓர் எச்சரிக்கை

ராமநாதபுரம், மண்டபம், ராமேசுவரம் வட்டாரத்தில் பழைய கார்களைப் புதுப்பித்து வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். வலப்பக்கம் சாய்ந்து நின்ற என்னுடைய அம்பாசிடரைச் சரிசெய்து தருவதாக ஏற்றுக்கொண்ட ஒரு பட்டறை, பின்பக்க லீஃப் ஸ்பிரிங் (எஃகுப் பிளேடுகளை அடுக்கிச் செய்த வில்) இரண்டு செட்டையும் புதிதாக மாற்றியதாகப் பில் எழுதி 23,400 ரூபாய் வாங்கிக்கொண்டு, உண்மையில் ஒரு பிளேடைக்கூட மாற்றாமல், முன்பக்க டார்ஷன் பாரை (முறுக்கத்தால் பாரம் தாங்கும் எஃகுத் தண்டு) முறுக்கிச் சாய்வை மறைத்துக் கொடுத்திருக்கிறது. பணம் போனது ஒருபுறம் இருக்கட்டும். அந்த வேலைக்குப் பிறகு வண்டி ஓட்டுவதற்கே ஆபத்தானதாகிவிட்டது.

வண்டி 1960களில் வந்தது. பாடி, இன்ஜின் வேலைகள் எல்லாம் வேறிடத்தில் நல்லபடியாக முடிந்திருந்தன. பெயின்ட் பளபளத்த பிறகுதான் சாய்வு கண்ணில் உறுத்தத் தொடங்கியது. சமதரையில் நிறுத்தி, நான்கு டயரிலும் காற்றைச் சமமாக வைத்து, சக்கரத்தின் மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை அளந்தபோது, பின்பக்கத்தில் வலப்புறம் இடப்புறத்தைவிட ஏறக்குறைய 4 செ.மீ. தாழ்ந்திருந்தது. தரையிலிருந்து அளந்தால் டயரின் தேய்மானமும் தரையின் மேடுபள்ளமும் கணக்கைக் கெடுத்துவிடும் என்பதால் இப்படி அளப்பதே சரி.

அம்பாசிடர், மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் மூன்றாம் வரிசையை ஒட்டி மேற்கு வங்கத்தின் உத்தரபாராவில் தயாரான வண்டி. பழைய மாடல்களில் பின்னால் லீஃப் ஸ்பிரிங்கும், முன்னால் நீளவாக்கில் கிடக்கும் டார்ஷன் பாரும் பாரத்தைத் தாங்குகின்றன. டார்ஷன் பாரின் பிடிப்பை மாற்றி அந்த மூலையின் உயரத்தைக் கூட்டவோ குறைக்கவோ முடியும். பட்டறைக்காரர்கள் கைவைத்தது இந்த வசதியில்தான்.

வண்டியைத் திரும்ப எடுத்தபோது பார்வைக்கு நேராகத்தான் நின்றது. ஆனால் பாம்பன் சாலைப் பாலத்தில், ரயில் பார்ப்பதற்காக ஓரத்தில் நிறுத்தியிருந்த வேன் ஒன்றுக்காகப் பிரேக்கைச் சற்று அழுத்தியபோது, வண்டி சட்டென்று வலப்பக்கம், அதாவது எதிர்வண்டிகள் வரும் பக்கம், இழுத்தது. பட்டறையில் கேட்டதற்கு, “பழைய வண்டின்னா அப்படித்தான் சார் இருக்கும், ஓட ஓட செட் ஆயிரும்” என்று பதில் வந்தது.

உச்சிப்புளியில் பல காலமாக அம்பாசிடர் வேலை மட்டுமே பார்த்துவரும் பெரியவர் ஒருவரிடம் காட்டினேன். அவர் எதையும் கழற்றவில்லை. முன்பக்கக் குறுக்குச் சட்டத்தின் நட்டநடுவில் டிராலி ஜாக்கை வைத்து, முன்சக்கரங்களில் பாரம் இல்லாதபடி தூக்கினார். முன்பக்கம் ஒரே புள்ளியில் நிற்கும்போது பாடி இடமோ வலமோ சாய்வதைத் தீர்மானிப்பவை பின் ஸ்பிரிங்குகள் மட்டுமே. நேராக நின்றிருந்த வண்டி, ஜாக் ஏற ஏற வலப்பக்கம் சாய்ந்தது. “தம்பி, கோளாறு பின்னால இருக்கு, வைத்தியம் முன்னால பாத்திருக்காங்க” என்றார்.

நான்கு கால் கட்டிலில் ஒரு கால் குட்டையாக இருக்க, அதே பக்கத்து இன்னொரு காலுக்குச் சில்லு வைத்தால் என்ன ஆகுமோ அதுதான் இங்கே நடந்தது. வலது பின் ஸ்பிரிங் தொய்ந்திருந்ததால் ஏற்கெனவே வலது முன்சக்கரத்திலும் இடது பின்சக்கரத்திலும் பாரம் கூடியிருந்தது; வலது முன் டார்ஷன் பாரை முறுக்கியதும் அது மேலும் கூடி, இடது முன்சக்கரத்தில் பாரம் வெகுவாகக் குறைந்துபோனது. பிரேக் பிடிக்கும்போது பாரம் குறைந்த சக்கரம் எளிதில் வழுக்கிவிட, பாரமுள்ள வலது சக்கரம் மட்டும் கவ்விப் பிடித்து வண்டியைத் தன் பக்கம் இழுக்கிறது.

பிறகு வலது ஸ்பிரிங்கைக் கழற்றினோம். மேலே புதிய கறுப்பு பெயின்ட். கத்தி முனையால் சுரண்டியதும் அடியில் பொருக்குப் பொருக்காகத் துரு. பிளேடுகளுக்கு இடையில் துரு உப்பி அவற்றை விலக்கியிருந்தது. மெயின் பிளேடின் அடிப்பக்கத்தில், கீழ்ப் பிளேடின் நுனி பல ஆண்டுகளாக உரசிய பள்ளம் விரல் நகம் பதியும் அளவுக்கு இருந்தது; புதிய பிளேடில் அது இருக்க வழியே இல்லை. மூன்றாவது பிளேடு, பிளேடுகளைச் சேர்த்துப் பிடிக்கும் சென்டர் போல்ட்டின் துளையை ஒட்டி முறிந்திருந்தது. ஸ்பிரிங்கை அச்சோடு கட்டும் யு போல்ட்டின் பிடிக்குள் மறைந்துகிடந்த அந்த முறிவை, கழற்றாமல் யாராலும் பார்த்திருக்க முடியாது. அதாவது, மாற்றியதாகப் பில் போட்ட பொருளை அவர்கள் கழற்றிக்கூடப் பார்க்கவில்லை. தனுஷ்கோடி வரை உப்புக்காற்றில் ஓடும் வண்டிகளில் இப்படி ஆவது புதிதல்ல என்பதால், நம் பகுதிப் பட்டறை ஒன்று முதலில் பார்த்திருக்க வேண்டிய இடம் இதுதான்.

பில்லில் இரண்டு ஷாக் அப்சார்பர்களும் இருந்தன. அவை மட்டும் உண்மையிலேயே புதியவை. ஆனால் சாதாரண ஆயில் ஷாக் அப்சார்பர் வண்டியின் ஆட்டத்தை அடக்குமே தவிர, நிற்கும் உயரத்தைத் தாங்காது. சாய்வுக்கு மருந்தாக அதை மாற்றச் சொல்பவர் எவராக இருந்தாலும், அந்த இடத்திலேயே வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுவது நல்லது.

மதுரையிலிருந்து ஒரே வளைவுள்ள இரண்டு செட் வரவழைத்து இருபுறமும் மாற்றினோம். ஒருபுறம் மட்டும் மாற்றினால் சாய்வு மறுபக்கம் போய்விடும். ஸ்பிரிங்கின் நுனியைப் பாடியோடு இணைக்கும் ஷாக்கிள் போல்ட்டுகளைப் பெரியவர், வண்டி ஜாக்கில் தொங்கும்போது முறுக்காமல், சக்கரங்கள் தரையில் ஊன்றி முழுப் பாரமும் இறங்கிய பிறகே முறுக்கினார். தொங்கும்போது முறுக்கினால் ரப்பர் புஷ் திருகிக்கொண்டு உயரத்தைப் பொய்யாகக் காட்டும், சீக்கிரமே கிழிந்தும் போகும். பின்பக்கம் நேரான பிறகு, டார்ஷன் பாரைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்து வீல் அலைன்மென்ட் பார்த்தோம். இப்போது பிரேக்கில் இழுப்பு இல்லை.

இந்த வேலைக்குக் கொடுப்பவர்கள், மாற்றிய பழைய பிளேடுகளைத் திரும்பத் தர வேண்டும் என்று வண்டியை விடும்போதே எழுதி வாங்குங்கள்; வேலைக்கு முன்னும் பின்னும் நான்கு சக்கரங்களிலும் அளந்த அளவை ஜாப் கார்டில் குறிக்கச் சொல்லுங்கள். நான் முறிந்த பிளேடு, படங்கள், பில் ஆகியவற்றுடன் பட்டறைக்கு நோட்டீஸ் அனுப்பியிருக்கிறேன். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறை ஏற்பட்டதிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணமும் இல்லை. அடுத்து அங்கேதான் போகிறேன், அதனால்தான் பட்டறையின் பெயரை இங்கே எழுதவில்லை. நோட்டீஸுக்கு அவர்கள் அனுப்பியிருப்பது, பழைய வண்டிக்கு கேரண்டி கிடையாது என்ற ஒற்றை வரி மட்டுமே. பில்லின் முன்பக்கத்திலும் பின்பக்கத்திலும் தேடிவிட்டேன், அப்படி ஒரு வரி அதில் எங்கும் இல்லை.