கொலஸ்ட்ரால் மருந்துக்கு உற்பத்தியாளர் தரும் உதவித் திட்டம்: பயன்படுத்திய குடும்பத்தின் மதிப்பீடு

மரபுவழியாக வரும் மிகைக் கொலஸ்ட்ரால் உள்ள என் அண்ணனுக்கு மருத்துவர் எழுதித் தந்த ஊசி மருந்தின் விலை எங்கள் வருமானத்துக்கு எட்டாததாக இருந்ததால், அதைத் தயாரிக்கும் நிறுவனமே நடத்தும் நோயாளர் உதவித் திட்டத்தில் சேர்ந்து, ஓராண்டுக்கும் மேலாக இலவசமாக மருந்து பெற்று வருகிறோம். நல்ல திட்டம்தான், ஆனால் சேர்வதைவிட அதில் இடைவெளியின்றி நீடிப்பதே கடினமாக இருக்கிறது.

விண்ணப்பிப்பதற்கு முன், அந்த விலையுயர்ந்த மருந்து உண்மையிலேயே தேவைதானா என்பதை மருத்துவரிடம் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் வகையின் முதல் மருந்தான லோவாஸ்டாட்டின் 1987-இல் விற்பனைக்கு வந்த பிறகு அறிமுகமான அட்டோர்வாஸ்டாட்டின், ரோசுவாஸ்டாட்டின் என்னும் ஸ்டாட்டின்களும், 2002-இல் வந்த வேறு வகை மருந்தான எசெடிமைப்பும் இன்று ஜெனரிக் மருந்துகளாக, அதாவது பிராண்டு பெயரின்றி மலிவாகக் கிடைக்கும் அதே மருந்தாக, பல நிறுவனங்களால் தயாரிக்கப்படுகின்றன. அட்டோர்வாஸ்டாட்டினோ ரோசுவாஸ்டாட்டினோ உயர் அளவில் கொடுக்கப்பட்டால், கெட்ட கொலஸ்ட்ரால் எனப்படும் எல்டிஎல் ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது. எசெடிமைப் சேர்ந்தால் எஞ்சியதில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு மேலும் இறங்கும். ஆகவே, மருந்துச் சீட்டில் பிராண்டு பெயர் மட்டுமே எழுதப்பட்டிருந்தால், அதை ஜெனரிக் பெயரில் மாற்றித் தருமாறு கேட்பதுதான் மிக விரைவாகக் கிடைக்கும் உதவி என்பது என் உறுதியான கருத்து. மருத்துவரிடம் பணத்தைப் பற்றிப் பேசக் கூச்சப்பட்டு, வீட்டுக்கு வந்து மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பிடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களை நினைத்தே இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

அண்ணனுக்கு ஸ்டாட்டின், எசெடிமைப் மாத்திரைகள் இரண்டும் சேர்ந்தும் போதவில்லை. 2015-இல் ஒப்புதல் பெற்ற அலிரோகுமாப், எவோலோகுமாப் போன்ற ஊசிகள் எல்டிஎல்லை மேலும் ஏறத்தாழ 60 விழுக்காடு குறைக்கக்கூடியவை. இத்தகையோருக்கு வேறு எளிய மாற்றுகள் அதிகம் இல்லை. உதவித் திட்டம் தன் மதிப்பைக் காட்டுவது இந்த இடத்தில்தான். வருமானச் சான்று, காப்பீட்டு விவரம், மருத்துவரின் கையொப்பத்துடன் கூடிய சீட்டு, முந்தைய மாத்திரைகளால் போதிய பயன் கிடைக்கவில்லை என்பதைக் காட்டும் இரத்தப் பரிசோதனை முடிவுகள் ஆகியவற்றை எங்களிடம் கேட்டார்கள். படிவத்தின் பாதியை மருத்துவர்தான் நிரப்ப வேண்டும் என்பதால், பெரும்பாலான தாமதம் அங்கேதான் ஏற்பட்டது. மருத்துவமனையின் சமூகப் பணியாளர் அதைத் தம் பொறுப்பில் எடுத்துக்கொண்ட பின்னரே விண்ணப்பம் நகர்ந்தது. அவரிடம் நாங்கள் பட்ட நன்றிக்கடன் பெரிது.

மருந்து வந்து சேரும் முறையில் குறையே இல்லை. 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் வைத்திருக்க வேண்டிய, உறைந்துபோகவே கூடாத மருந்தை ஒவ்வொரு முறையும் குளிர்காப்புப் பெட்டியில் ஒழுங்காக அனுப்பினார்கள். வீட்டில் ஆள் இருக்கும் நாளை முன்கூட்டியே கேட்டு உறுதி செய்துகொண்டார்கள்.

குறை புதுப்பித்தலில் இருக்கிறது. ஆண்டுதோறும் எல்லா ஆவணங்களையும் புதிதாகக் கொடுக்க வேண்டும் என்பது நியாயமான விதிதான் என்றாலும், அதற்கான நினைவூட்டல் எங்களுக்கு வராததால் ஒரு தவணை ஊசி தவறிப்போனது. இது சிறிய குறையன்று. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போடும் ஊசி நின்றுவிட்டால், சில வாரங்களிலேயே எல்டிஎல் பழைய அளவை நோக்கி ஏறத் தொடங்கும்; உடம்பில் எந்த வலியும் தெரியாததால் அதை யாரும் உணரவும் மாட்டார்கள். உயிர்காக்கும் மருந்தை வழங்கும் திட்டம், பழைய அனுமதி முடியும் முன்பே பயனாளியை அழைத்துச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறது. இப்போது நாங்களே முடிவுத் தேதியைக் கேட்டு எழுதி வைத்துக்கொண்டு, அதற்கு இரண்டு மாதம் முன்பாகவே இரத்தப் பரிசோதனையைச் செய்துவிடுகிறோம்.

இத்திட்டத்தையும் அதே நிறுவனங்கள் தரும் தள்ளுபடி அட்டையையும் பலர் ஒன்றாக எண்ணிக்கொள்கிறார்கள். பொதுவாக அந்த அட்டை, காப்பீடு உள்ளவர் தம் பங்காகக் கட்டும் தொகையை மட்டுமே குறைக்கும். அதற்கும் ஆண்டு உச்சவரம்பு இருப்பதுண்டு, வரம்பைத் தொட்டபின் முழுப் பங்கும் நோயாளியின் தலையில் விழும். அதனால் அட்டையை வாங்கும் அன்றே, அது எந்த மாதம் வரை தாங்கும் என்பதை மருந்தாளுநரிடம் கணக்கிட்டுக் கேட்டுக்கொண்டு, அதற்குப் பிந்தைய மாதங்களுக்கான உதவித் திட்ட விண்ணப்பத்தை அப்போதே தொடங்கிவிடுவது நல்லது.